வாழைப்பழம் விற்க ஓடிய சிறுவன்!

குழந்தைகளே! உங்கள் பள்ளியில் விளையாட்டு விழா நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறு மீட்டர் ஓட்டப் பந்தயம். வெள்ளைக் கோட்டில் கால் வைத்து நிற்கிறீர்கள். விசில் சத்தம் கேட்டதும் பாய்ந்து ஓடுகிறீர்கள்.

காலையில் சாப்பிட்ட நான்கு இட்லி எப்போதோ வயிற்றுக்குள் போய்விட்டது. ஆனால், விசில் ஊதிய அந்த ஒரு நொடியில் உங்கள் கால் தசைகளுக்குச் சக்தி கொடுத்தது எது? இட்லி நேராகக் காலுக்குப் போய்விடுமா என்ன?

இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்களில் முக்கியமான ஒருவர் நம் நாட்டுக்காரர். அதிலும் சென்னையில் படித்தவர். பத்தாம் வகுப்புத் தேர்வில் இரண்டு முறை தோற்றவர். அவர்தான் டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ். அவருடைய கதையைத்தான் இன்று படிக்கப் போகிறீர்கள்.

காசிக்குப் புறப்பட்டான்!

ஆந்திராவில் கோதாவரி ஆறு பாயும் பகுதியில் பீமவரம் என்ற ஊர் இருக்கிறது. அப்போது அது சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. அங்கே 1895ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் தேதி சுப்பாராவ் பிறந்தார். தந்தை ஜகந்நாதம், தாய் வேங்கம்மா. வீட்டில் மொத்தம் ஏழு குழந்தைகள்.

தந்தை வருவாய்த் துறையில் வேலை பார்த்தார். நோய் காரணமாக முன்னதாகவே ஓய்வு பெற்றுவிட்டார். வீட்டில் வறுமை குடிபுகுந்தது. ஏழு குழந்தைகளின் வயிறு நிறைய வேண்டுமே!

சுப்பாராவுக்கு அப்போது 13 வயது. உங்களில் பலருடைய வயதுதான். காசிக்கு நிறையப் பேர் யாத்திரை போகிறார்கள், அங்கே போய் வாழைப்பழம் விற்றால் பெரிய பணக்காரனாகிவிடலாம் என்று அந்தச் சிறுவன் கணக்குப் போட்டான். உறவுக்காரப் பையன் ஒருவனையும் சேர்த்துக்கொண்டு, வீட்டில் சொல்லாமல் கிளம்பிவிட்டான்!

வீட்டார் விடுவார்களா? தேடிப் பிடித்து அழைத்து வந்துவிட்டார்கள். படிப்பு ஒன்றுதான் இந்தக் குடும்பத்தைக் காப்பாற்றும் என்பதில் தாய் வேங்கம்மா உறுதியாக இருந்தார். தந்தை காலமான பிறகும் அந்த உறுதி குறையவில்லை. தன் நகைகளை விற்று மகனைப் படிக்க வைத்தார்.

மூன்றாவது முறை

ஆனால், படிப்பு அவ்வளவு எளிதாக வரவில்லை. அந்தக் காலத்தில் பள்ளி இறுதித் தேர்வை மெட்ரிகுலேஷன் என்பார்கள். சுப்பாராவ் ஒரு முறை எழுதினார், தோல்வி. இரண்டாவது முறை எழுதினார், அதிலும் தோல்வி!

பிறகு சென்னைக்கு வந்து திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். அந்தப் பள்ளி இன்றும் இருக்கிறது. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற விண்வெளி விஞ்ஞானி சந்திரசேகர் படித்ததும் அங்கேதான். அங்கே படித்து, மூன்றாவது முயற்சியில் சுப்பாராவ் தேறினார். அடுத்துச் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார்.

கல்லூரி நாட்களில் அவர் மனம் ஆன்மிகத்தில் ஈடுபட்டது. ராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து துறவியாகி மக்களுக்குத் தொண்டு செய்ய விரும்பினார். தாயின் அனுமதி இல்லாமல் சேர்த்துக்கொள்ள முடியாது என்று மடத்தில் சொல்லிவிட்டார்கள். தாயோ அனுமதி தரவில்லை. தொண்டு செய்ய வேண்டுமானால் டாக்டராகியும் செய்யலாமே! சுப்பாராவ் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

படிப்புச் செலவுக்கு நண்பர்கள் உதவினார்கள். மாமனாராக வரவிருந்தவரும் உதவினார். அவருடைய மகள் சேஷகிரியை சுப்பாராவ் மணந்துகொண்டார்.

கதர்ச் சட்டைக்குக் கிடைத்த தண்டனை

அது சுதந்திரப் போராட்டக் காலம். அந்நியத் துணிகளை ஒதுக்குங்கள், கதர் அணியுங்கள் என்று காந்தியடிகள் அழைப்பு விடுத்திருந்தார். மருத்துவ மாணவரான சுப்பாராவ் அதை ஏற்றார். அறுவைச் சிகிச்சை அறைக்குள்ளும் கதரில் தைத்த உடையையே அணிந்து போனார்.

அறுவைச் சிகிச்சைப் பேராசிரியராக இருந்த ஆங்கிலேயருக்கு இது பிடிக்கவில்லை. விளைவு? சுப்பாராவுக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை. அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கிடைத்தது. அரசு மருத்துவப் பணிக்கு முயன்று பார்த்தார். அதுவும் கிடைக்கவில்லை. கடைசியில் டாக்டர் லட்சுமிபதி நடத்திய ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு கற்பிக்கும் ஆசிரியரானார்.

எட்டு நாளில் இரண்டு மரணம்

இதற்கிடையே அவருடைய குடும்பத்தில் பேரிடி ஒன்று விழுந்தது. ஸ்ப்ரூ என்ற நோய் தாக்கி, அவருடைய சகோதரர்கள் இருவர் எட்டே நாள் இடைவெளியில் இறந்துபோனார்கள்.

ஸ்ப்ரூ என்பது குடலைப் பாதிக்கும் நோய். வெப்பமான நாடுகளில் வரும். தொடர்ந்து வயிற்றுப்போக்கு இருக்கும். சாப்பிடும் சாப்பாட்டில் உள்ள சத்து உடம்பில் ஒட்டாது. ரத்தம் குறைந்து, ஆள் மெலிந்துகொண்டே போவார். அந்த நாளில் அதற்குச் சரியான மருந்து இல்லை.

சுப்பாராவையும் அதே நோய் தாக்கியது. டாக்டர் லட்சுமிபதி தந்த ஆயுர்வேத மருந்தால் அவர் பிழைத்துக்கொண்டார். நாம் பிழைத்துவிட்டோம், சகோதரர்கள் ஏன் பிழைக்கவில்லை? எந்த மருந்து எதனால் வேலை செய்கிறது? இந்தக் கேள்விகள் அவரை விடவில்லை. நோய்களுக்கு மருந்து கண்டுபிடிப்பதே தன் வேலை என்று முடிவு செய்தார். அதற்கு ஆராய்ச்சி கற்க வேண்டும். அமெரிக்காவில் உள்ள புகழ்பெற்ற ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டும்!

பணத்துக்கு எங்கே போவது? ஓர் அறக்கட்டளை உதவியது. மாமனாரும் கொடுத்தார். மூன்று ஆண்டுகளில் திரும்பி வந்துவிடுவதாக மனைவியிடம் சொல்லிவிட்டுக் கப்பல் ஏறினார். 1922ஆம் ஆண்டு அக்டோபர் 26ஆம் தேதி பாஸ்டன் நகரில் போய் இறங்கினார்.

பகலில் மாணவர், இரவில் ஊழியர்

பாஸ்டனில் அவருக்கு உதவித்தொகை கிடைக்கவில்லை. கையில் இருந்த பணமும் கரைந்தது. என்ன செய்தார் தெரியுமா? ஒரு மருத்துவமனையில் இரவு நேர ஊழியராகச் சேர்ந்தார். படுக்கையில் கிடக்கும் நோயாளிகளின் மலச்சட்டியையும் சிறுநீர்க் கலத்தையும் கழுவி வைப்பது அவர் வேலை. அவரே ஒரு டாக்டர் என்பதை நினைத்துப் பாருங்கள்!

பகலில் வெப்பமண்டல நோய்கள் பற்றிய படிப்பு. இரவில் மருத்துவமனை வேலை. இப்படிப் படித்துப் பட்டயம் பெற்றார். அந்த நேரத்தில் ஊரிலிருந்து ஒரு துயரச் செய்தி வந்தது. அவர் கிளம்பிய பிறகு பிறந்த மகன், ஒரு வயது ஆகுமுன்பே நோயில் இறந்துவிட்டான். பெற்ற பிள்ளையின் முகத்தைச் சுப்பாராவ் பார்க்கவே இல்லை.

நீல நிறம் சொன்ன ரகசியம்

சுப்பாராவ் ஹார்வர்டின் உயிர்வேதியியல் துறையில் சேர்ந்தார். அங்கே சைரஸ் ஃபிஸ்க் என்ற விஞ்ஞானியுடன் வேலை செய்தார். ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பதற்கு எளிய வழி ஒன்றைக் கண்டுபிடிப்பதுதான் அவர்களுக்கு முதல் வேலை.

வெள்ளைத் துணி துவைக்க உங்கள் வீட்டில் வாளித் தண்ணீரில் சொட்டு நீலம் விடுவார்கள் அல்லவா? இரண்டு சொட்டு விட்டால் வெளிர் நீலம். பத்துச் சொட்டு விட்டால் அடர் நீலம். நிறத்தைப் பார்த்தே எத்தனை சொட்டு விழுந்தது என்று ஓரளவு சொல்லிவிடலாம். இதே தந்திரத்தைத்தான் அவர்கள் பயன்படுத்தினார்கள். பாஸ்பேட் இருக்கும் திரவத்தில் சில ரசாயனங்களைச் சேர்த்தால் நீல நிறம் வரும். பாஸ்பேட் எவ்வளவு அதிகமோ, அவ்வளவு அடர்த்தியான நீலம்!

1925ஆம் ஆண்டு இந்த முறையை வெளியிட்டார்கள். ஃபிஸ்க் சுப்பாராவ் முறை என்று இருவர் பெயராலும் அதை அழைக்கிறார்கள். உயிர்வேதியியல் படிக்கும் மாணவர்கள் இன்றும் கற்கும் முறை இது.

அடுத்து, தசையிலிருந்து எடுத்த சாற்றில் இந்தச் சோதனையைச் செய்தார்கள். அப்போது ஒரு விசித்திரம் நடந்தது. சட்டென்று வரவேண்டிய நீல நிறம் தாமதமாக, மெல்ல மெல்ல வந்தது!

நீங்களாக இருந்தால் என்ன நினைப்பீர்கள்? சோதனைக்குழாய் சரியாகக் கழுவவில்லை என்றோ, ரசாயனம் கெட்டுவிட்டது என்றோ நினைத்து, கொட்டிவிட்டு மறுபடி தொடங்குவீர்கள் அல்லவா? அவர்கள் அப்படிச் செய்யவில்லை. ஏன் தாமதம் என்று கேட்டார்கள். தசைக்குள் பாஸ்பேட் தனியாக இல்லை, வேறொரு பொருளோடு கைகோத்துக்கொண்டிருக்கிறது, அந்தப் பிடி மெல்ல விடுபடும்போதுதான் நிறம் வருகிறது என்று கண்டுபிடித்தார்கள்.

அந்தப் பொருளின் பெயர் பாஸ்போகிரியேட்டின். 1927ஆம் ஆண்டு இதை அறிவித்தார்கள். அதே ஆண்டு இங்கிலாந்திலும் எகிள்டன் தம்பதியர் இதைத் தனியாகக் கண்டறிந்தார்கள்.

அடுத்த இரண்டே ஆண்டுகளில் இன்னும் பெரிய கண்டுபிடிப்பு. 1929ஆம் ஆண்டு ஃபிஸ்க்கும் சுப்பாராவும் தசையிலிருந்து இன்னொரு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதன் முழுப்பெயர் அடினோசின் ட்ரைபாஸ்பேட். சுருக்கமாக ஏ.டி.பி. அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமன் என்பவரும் இதைத் தனியாகக் கண்டுபிடித்தார்.

உடம்புக்குள் சில்லறை!

ஏ.டி.பி. என்றால் என்ன? நீங்கள் டவுன் பஸ்ஸில் ஏறி, 500 ரூபாய் நோட்டை நீட்டினால் கண்டக்டர் என்ன சொல்வார்? சில்லறையாகக் கொடு என்பார். நம் உடம்பும் அப்படித்தான். இட்லியும் சோறும் 500 ரூபாய் நோட்டு மாதிரி. அதை அப்படியே செலவழிக்க முடியாது. ஏ.டி.பி.தான் சில்லறை!

ஏ.டி.பி. மூலக்கூறில் மூன்று பாஸ்பேட்டுகள் ரயில் பெட்டிகள் போல வரிசையாக இருக்கும். கடைசிப் பெட்டி கழன்றால், அதோடு சேர்ந்து சக்தி வெளிப்படும். அந்தச் சக்தியால் தசை சுருங்குகிறது. நரம்பு செய்தி அனுப்புகிறது. நீங்கள் இந்த வரியைப் படிப்பதற்கும் அதுதான் செலவாகிறது!

முதலில் கேட்ட கேள்விக்கு இப்போது விடை கிடைத்துவிட்டது பாருங்கள். விசில் ஊதியதும் முதல் இரண்டு மூன்று நொடிகளுக்குத் தசையில் தயாராக இருக்கும் ஏ.டி.பி. செலவாகிறது. அடுத்த சில நொடிகளுக்கு, தீர்ந்த ஏ.டி.பி.யைப் பாஸ்போகிரியேட்டின் உடனே நிரப்பிக் கொடுக்கிறது. அதற்கு மேல் ஓட வேண்டுமானால், சாப்பிட்ட உணவையும் மூச்சுக் காற்றையும் கொண்டு புதிதாகத் தயாரிக்க வேண்டும்.

அந்தத் தயாரிப்பு எங்கே நடக்கிறது? இதைக் கண்டுபிடிக்க உலகத்துக்கு இன்னும் பல ஆண்டுகள் ஆயின. செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்ற சின்னஞ்சிறு உறுப்புகள் இருக்கின்றன. அவற்றின் உட்சவ்வு ஓர் அணைக்கட்டு மாதிரி. உணவிலிருந்து வரும் சக்தியைக் கொண்டு, ஹைட்ரஜன் அயனிகள் சவ்வின் ஒரு பக்கத்தில் தேக்கப்படுகின்றன. மேட்டூர் அணையில் தண்ணீர் தேங்குவதுபோல! தேங்கிய அயனிகள், சவ்வில் பதிந்திருக்கும் ஒரு நொதியின் வழியாகத் திரும்பப் பாய்கின்றன. தண்ணீர் பாய்ந்தால் மின்நிலையச் சக்கரம் சுழலும் அல்லவா? அதேபோல அந்த நொதியும் நிஜமாகவே சுழல்கிறது! நொடிக்கு நூறு முறைக்கும் மேல் சுற்றக்கூடியது அது. ஒரு சுற்றுக்கு மூன்று ஏ.டி.பி. தயாராகும்.

அணைக்கட்டு யோசனையை 1961இல் சொன்னவர் இங்கிலாந்தின் பீட்டர் மிட்செல். பல ஆண்டுகள் விஞ்ஞானிகள் அதை நம்பவில்லை. 1978இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நொதி எப்படி வேலை செய்கிறது என்று விளக்கிய பால் பாயரும் ஜான் வாக்கரும் 1997இல் நோபல் பரிசு பெற்றார்கள். அதே பரிசின் மறுபாதியைப் பெற்றவர் டென்மார்க்கின் ஜென்ஸ் ஸ்கோ. அவர் நண்டின் கால் நரம்புகளை ஆராய்ந்து, செல் சவ்வில் இருக்கும் ஒரு பம்ப்பைக் கண்டுபிடித்தார். அது ஒரு ஏ.டி.பி.யைச் செலவழித்து, மூன்று சோடியம் அயனிகளை வெளியே தள்ளும். இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கும். இந்தப் பம்ப் நின்றால் நரம்புகள் செய்தி அனுப்ப முடியாது. நம் உடம்பில் உண்டாகும் ஏ.டி.பி.யில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இந்தப் பம்ப்புக்கே போகிறது.

இன்னொரு வியப்பு! பெரியவர் ஒருவர் ஒரே நாளில் உண்டாக்கிச் செலவழிக்கும் ஏ.டி.பி.யை எடைபோட்டால், அவருடைய உடல் எடையில் பாதிக்கும் மேல் இருக்கும். அவ்வளவையும் சுமக்க வேண்டாமா என்று பயப்படாதீர்கள். உடம்பில் ஒரு நேரத்தில் இருப்பது கொஞ்சம்தான். அதே சில்லறைதான் திரும்பத் திரும்பக் கை மாறிக்கொண்டே இருக்கிறது.

சகோதரர்களைக் கொன்ற நோய்க்கு மருந்து

இவ்வளவு கண்டுபிடித்த சுப்பாராவுக்கு 1930ஆம் ஆண்டு ஹார்வர்டு டாக்டர் பட்டம் கொடுத்தது. ஆனால், நிரந்தரப் பேராசிரியர் பதவி கிடைக்கவே இல்லை. பத்து ஆண்டுகள் பொறுத்திருந்தார். 1940ஆம் ஆண்டு ஹார்வர்டை விட்டு வெளியேறி, நியூயார்க் மாநிலத்தில் பேர்ல் ரிவர் என்ற ஊரில் இருந்த லெடர்லே மருந்து ஆராய்ச்சிக் கூடத்தில் சேர்ந்தார். பிறகு அங்கே ஆராய்ச்சி இயக்குநரானார்.

ரத்தசோகைக்கு ஈரல் நல்ல மருந்து என்பது அப்போது தெரிந்திருந்தது. ஆனால், ஈரலில் உள்ள எந்தப் பொருள் குணப்படுத்துகிறது? அதைத் தேடியவர்களில் சுப்பாராவின் குழுவும் ஒன்று. ஈரலிலிருந்தும் நுண்ணுயிரிகளிலிருந்தும் அந்தப் பொருளைப் பிரித்து, 1945ஆம் ஆண்டு அதைச் செயற்கையாகவே தயாரித்துக் காட்டினார்கள். அதுதான் ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமின்.

ஸ்ப்ரூ நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். வற்றிப்போன உடம்பில் ரத்தம் ஊறத் தொடங்கியது! எந்த நோயில் தன் சகோதரர்கள் எட்டே நாளில் அடுத்தடுத்து இறந்தார்களோ, அந்த நோய்க்கு மருந்து கிடைத்துவிட்டது. அதற்காகத்தானே அவர் கப்பல் ஏறினார்!

உங்கள் பள்ளியில் வாரம் ஒரு முறை இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்களா? அதில் இரும்புச்சத்தோடு ஃபோலிக் அமிலமும் இருக்கிறது. அடுத்த முறை விழுங்கும்போது சுப்பாராவை நினைத்துக்கொள்ளுங்கள்.

போலிச் சாவி

ஃபோலிக் அமிலம் செல்கள் பெருக உதவுகிறது. இது ரத்தப் புற்றுநோய்க்கும் தீனி போடுகிறதோ என்ற சந்தேகம் பாஸ்டனில் குழந்தைகள் மருத்துவமனையில் இருந்த டாக்டர் சிட்னி ஃபார்பருக்கு வந்தது. அப்படியானால், அதைத் தடுக்கும் மருந்து இருந்தால்?

சுப்பாராவின் குழு அதைத் தயாரித்துக் கொடுத்தது. பார்ப்பதற்கு ஃபோலிக் அமிலம் போலவே இருக்கும், ஆனால் வேலை செய்யாது. பூட்டுக்குள் போலிச் சாவியை நுழைத்தால் அது சிக்கிக்கொண்டு, நிஜச் சாவியையும் உள்ளே விடாது அல்லவா? அதுபோலத்தான். அமினோப்டெரின் என்பது அதன் பெயர்.

ஃபார்பர் அதை 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். அவர்களில் 10 பேருக்கு நல்ல முன்னேற்றம் தெரிந்தது. படுத்த படுக்கையாக இருந்தவர்கள் எழுந்தார்கள். ஆனால், நோய் மறுபடி திரும்பியது. அந்த முன்னேற்றம் சில காலம்தான் நீடித்தது. இருந்தாலும், ரத்தப் புற்றுநோயை மருந்தால் பின்வாங்க வைக்க முடியும் என்று 1948இல் உலகம் அறிந்தது. அதே குடும்பத்தில் வந்த மெத்தோட்ரெக்ஸேட் என்ற மருந்து இன்றும் புற்றுநோய்க்கும் மூட்டுவாதத்துக்கும் பயன்படுகிறது. குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோயில் இன்று பெரும்பாலானோர் குணமாகிறார்கள். அந்தப் பாதையின் முதல் படி அது.

யானைக்காலும் பொன்னிற நுண்ணுயிரியும்

சுப்பாராவின் குழு இன்னொரு வேலையும் செய்தது. இரண்டாம் உலகப் போரின்போது பசிபிக் தீவுகளில் இருந்த அமெரிக்க வீரர்களுக்கு யானைக்கால் நோய்க் கிருமி தொற்றியது. அதற்கு மருந்து தேடி, எலிகளில் சோதித்து, டை எத்தில் கார்பமசீன் என்ற மருந்தை 1947இல் அறிவித்தார்கள்.

யானைக்கால் நோய் நம் நாட்டில் எத்தனை பேரை வாட்டியது என்று உங்கள் தாத்தா பாட்டியிடம் கேளுங்கள். ஊழியர்கள் வீடு வீடாக வந்து யானைக்கால் தடுப்பு மாத்திரை கொடுப்பார்களே, அது இதே மருந்துதான்!

அவர் தலைமையில் வேலை செய்த பெஞ்சமின் டுகர், 70 வயதைத் தாண்டிய தாவர விஞ்ஞானி. ஊர் ஊராக மண் மாதிரிகளை வரவழைத்து அவற்றில் உள்ள நுண்ணுயிரிகளை ஆராய்ந்தார். மிசௌரி மாநிலத்து மண்ணில் பொன்னிறமாக வளரும் ஒரு நுண்ணுயிரி கிடைத்தது. அதிலிருந்து ஆரியோமைசின் என்ற மருந்து வந்தது. டெட்ராசைக்ளின் என்ற மருந்துக் குடும்பத்தின் மூத்த பிள்ளை இது. 1994ஆம் ஆண்டு சூரத் நகரில் பிளேக் பரவியபோது கைகொடுத்த மருந்துகளில் டெட்ராசைக்ளினும் ஒன்று.

திரும்பி வராத மனிதர்

1948ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஆரியோமைசின் பற்றி உலகுக்கு அறிவித்தார்கள். அடுத்த மாதமே, ஆகஸ்டு 8ஆம் தேதி இரவு படுக்கப் போன சுப்பாராவ், மறுநாள் காலை எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே உயிர் பிரிந்துவிட்டது. அப்போது அவருக்கு வயது 53.

மூன்று ஆண்டுகளில் வருவதாகச் சொல்லிப் போனவர், 26 ஆண்டுகள் ஆகியும் திரும்பவில்லை. மனைவி சேஷகிரி அவரை மறுபடி பார்க்கவே இல்லை. ஒவ்வோர் ஆராய்ச்சி முடியும்போதும் அடுத்த ஆராய்ச்சி அவரைப் பிடித்துக்கொண்டது. கோடிக்கணக்கான பேருக்கு மருந்து தந்த அந்த வாழ்க்கைக்கு, ஊரில் காத்திருந்த ஒரு பெண்ணும் விலை கொடுத்தார் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

அமெரிக்காவில் அவ்வளவு காலம் இருந்தும், அந்த நாட்டுக் குடியுரிமை பெறாமலேயே அவர் இறந்தார். நோபல் பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை. பத்திரிகைகளில் தன் பெயர் வரவேண்டும் என்று அவர் அலைந்ததும் இல்லை. குழுவாகச் செய்த வேலையில் தன் பெயரை முன்னால் நிறுத்திக்கொள்ளவும் இல்லை. அதனால்தான் அவர் பெயர் நம் நாட்டிலேயே பலருக்குத் தெரியவில்லை. பிறந்து நூறாண்டு ஆனபோது, 1995இல் இந்திய அரசு அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. ஒரு பூஞ்சைக்கு அவர் நினைவாகச் சுப்பாரோமைசிஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

குழந்தைகளே! தேர்வில் மதிப்பெண் குறைந்துவிட்டது என்று கலங்கி உட்கார்ந்திருப்பவர் உங்கள் வகுப்பில் யாராவது இருக்கிறார்களா? அவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். இரண்டு முறை தோற்ற பையன்தான், நீல நிறம் ஏன் தாமதமாக வருகிறது என்று கேட்டான். உங்கள் அறிவியல் வகுப்பிலும், சோதனை புத்தகத்தில் இருப்பதுபோல வராத நாள் ஒன்று நிச்சயம் வரும். அன்று சோதனைக்குழாயை அவசரப்பட்டுக் கொட்டிவிடாதீர்கள். ஏன் என்று ஒரு முறை கேட்டுவிட்டு, அப்புறம் கழுவி வையுங்கள்!